சரி, மேயர்

மார்ச் 3, திங்கள்

சான்டோஸ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியாயிற்று. கப்பல் நிறைய சோயா. இனி ஆப்பிரிக்காவின் அடிமுனையைச் சுற்றிச் சீனா போய்ச் சேரும்வரை தண்ணீர், தண்ணீர், ஆர்னெல்.

ஆர்னெல் என் செகண்ட் குக். பிலிப்பைன்ஸில் இலோயிலோ என்ற ஊர்க்காரன். நாற்பத்தைந்து வயது, என்னைவிட ஆறு வயது இளையவன். நான் கொரேரா, தூத்துக்குடி, சீஃப் குக். கேப்டன் கிரேக்கர். செகண்ட் ஆபீசர் உக்ரைன்காரத் தம்பி. மற்றபடி குனிந்தால் நிமிர்ந்தால் பிலிப்பைன்ஸ்காரர்கள்தான். நான் கப்பலேறிய அன்று என் பேரைப் பட்டியலில் பார்த்துவிட்டுத் தங்கள் ஊர் ஆள் வருகிறான் என்று கீழே இறங்கி வந்து பெட்டியைத் தூக்கினார்கள். என் முகத்தைப் பார்த்ததும் பெட்டி பாதிப் படியில் நின்றுவிட்டது. போர்ச்சுக்கீசியன் எங்களுக்குப் பேர் வைத்தான், ஸ்பெயின்காரன் அவர்களுக்குப் பேர் வைத்தான், நடுவில் நான் என்ன செய்ய முடியும். ஆனாலும் பெட்டியை மேலே கொண்டுவந்து சேர்த்துவிட்டுத்தான் போனார்கள், சிரித்துக்கொண்டே.

சீஃப் குக்கை அவர்கள் மேயர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரி பிலோமியிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். "நம்ம தெருவுல வார்டுக்கு நின்னாலே டெபாசிட் போயிரும், நீரு மேயராக்கும்" என்றாள். இந்த நாட்குறிப்பும் அவள் ஏற்பாடுதான். நடுக்கடலிலிருந்து போன் போட்டு அவள் காதைத் தின்கிறேனாம், புலம்புவதை நோட்டில் புலம்பினால் அவளுக்குத் தூக்கமாவது மிஞ்சுமாம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் படிக்கிறவள் பொறுத்துக்கொள்ளட்டும்.

முதல் புலம்பல். ஆர்னெலுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. கோழியை ஐஸ் ரூமிலிருந்து எடுத்து வெளியே வைத்தாயா என்றால் சரி மேயர் என்பான். போய்ப் பார்த்தால் கோழி கல்லாய்க் கிடக்கும். ஏன் வைக்கவில்லை என்றால் சிரிப்பு. திட்டினால் இன்னும் கொஞ்சம் சிரிப்பு. அவர்களுக்கு மூன்று வேளையும் சோறு வேண்டும். ஒருநாள் ஆசையாகத் தோசை ஊற்றிப் போட்டேன். தோசையைத் தொட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டார்கள்.

நாங்கள் பேசிக்கொள்வது ஓட்டை இங்கிலீஷ். என் காதில் எப்படி விழுகிறதோ அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

நானும் வேதக்காரன், அவர்களும் வேதக்காரர்கள். அதில் ஒரு வம்பும் இல்லை. போசன் நெஸ்டர் (மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் அவன்தான் மேஸ்திரி) போன வருஷக் குருத்தோலை ஒன்றைப் பைபிளுக்குள் வைத்திருந்தான். அதை என் குசினி அடுப்பிலேயே சுட்டு, எல்லார் நெற்றியிலும் சிலுவை போட்டான். கேப்டன் எங்கள் நெற்றிகளைப் பார்த்துவிட்டு அடுப்பு வெடித்துவிட்டதா என்று என்னைத்தான் கேட்டார்.

ஆர்னெல் தவக்காலம் முழுக்க ஒருவேளைதான் சாப்பிடுவானாம். சமைக்கிறவனே சாப்பிடாமல் இருந்தால் மற்றவன் சாப்பாட்டைப் பற்றி என்னடா நினைப்பான் என்று கேட்டேன். சரி மேயர் என்றான். எதற்குச் சரி என்று தெரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

மீன் பொரியல். உருளைக்கிழங்கு சீவும் கத்தி மழுங்கிவிட்டது, தீட்டினேன். அரிசி டப்பாவைக் கழுவிக் காய வைத்தேன்.

ஆர்னெல் எண்ணெய்ச் சட்டியை இறக்கும்போது பின்னால் போய் நின்று, கேப்டன் குரலில் "செகண்ட் குக்" என்று ஒரு அதட்டல் போட்டேன். கேப்டன் குரல் எனக்கு அப்படியே வரும். ஆள் துள்ளிவிட்டான். எண்ணெய் கொஞ்சம் அவன் இடது கையில் தெறித்தது. குழாய்த் தண்ணீரில் பிடிக்கச் சொன்னேன், பிடித்தான். "நல்ல ஜோக், மேயர்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சிந்தியதை அவனே துடைத்தான்.

சமையல்காரன் கையில் சூடு படாமலா இருக்கும். என் இரண்டு கையிலும் இல்லாத தழும்பா.

மார்ச் 7, வெள்ளி

இன்று இறைச்சி இல்லை. ஆர்னெல் தன் ஊர் வழக்கப்படி மீனை வினிகரில் வேகவைத்தான். வாயில் வைத்ததும் புளிப்பில் எனக்குக் கண் மூடிக்கொண்டது. மெஸ்ஸில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மிச்ச வினிகரைக் கேப்டன் கேட்கிறார், சீனாவில் சோயாவை இறக்கியதும் சரக்கு அறைகளைக் கழுவ வேண்டுமாம் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், ஆர்னெலும் சிரித்தான். சிரிக்கிறார்களே என்று, "இவன் சீஃப் குக் ஆகப் போற கப்பலுக்கு இப்பவே செபம் சொல்லி வைங்கப்பா" என்று இன்னொன்றும் போட்டேன். அதற்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

ஆர்னெலுக்கு அந்த வேலை மேல்தான் கண். இந்தப் பயணத்தை முழுசாக முடித்து, கேப்டன் நல்லவிதமாக எழுதிக் கொடுத்தால் அடுத்த கப்பலில் அவன் சீஃப் குக். ஏற்கெனவே இரண்டு தடவை கிட்டத்தில் வந்து நழுவியிருக்கிறது. ஒரு தடவை அவன் அம்மா இறந்து பாதியில் இறங்கினான், ஒரு தடவை கப்பலையே விற்றுவிட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்த கதையைத்தானே நான் சொன்னேன்.

மார்ச் 8, சனி

மாதாந்தரப் பாதுகாப்புக் கூட்டம். இந்தத் தடவை கம்பெனி அனுப்பிய வீடியோ ஒன்றைப் போட்டார்கள். பல நாட்டு ஆட்கள் ஒரே கப்பலில் எப்படி அனுசரித்துப் போவது என்று நீலக் கோட்டுப் போட்ட ஒரு அம்மா பாடம் நடத்தினாள். கிரேக்கர்கள் சத்தமாகப் பேசினால் அது கோபம் இல்லை என்றாள். கேப்டன் அதைச் சத்தமாக ஒத்துக்கொண்டார். இந்தியர்கள் தலையை ஆட்டினால் ஆமாமா இல்லையா என்று அவர்களிடமே கேட்டுவிடுங்கள் என்றாள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்களை மற்றவர் முன்னால் திட்டாதீர்கள், கேலி பேசாதீர்கள், மானம் அவர்களுக்குப் பெரிது. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வெட்கப்பட்டாலும் சிரிப்பார்கள், வலித்தாலும் சிரிப்பார்கள் என்றாள். அறையிலிருந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

எங்களுக்கு மட்டும் மானம் சின்னதா. எங்கள் பக்கம் ஒருத்தனைக் கேலி பேசவில்லை என்றால் அவனோடு சண்டை என்று பொருள். இதை யார் அந்த அம்மாவுக்கு வீடியோ போட்டுக் காட்டுவது.

சனிக்கிழமை என்றால் ஆர்னெல் பாட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டான். இன்று அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முழங்கைவரை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 9, ஞாயிறு

ஆர்னெல் இன்று பேசியது முழுவதும்: சரி மேயர்.

மார்ச் 10, திங்கள்

பொறுக்க முடியாமல் நெஸ்டரைப் பிடித்தேன். உங்கள் ஆளுக்கு என்னப்பா ஆயிற்று, வெள்ளிக்கிழமையிலிருந்து குசினியில் ஒரு பிணத்தோடு வேலை பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றேன். நெஸ்டர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் சொன்னான். அதற்கு அவர்களிடம் தாம்போ என்று பேராம். கோபம் இல்லையாம், சண்டையும் இல்லையாம். மனசு நொந்தவன் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கியிருப்பானாம். ஏன் என்று கேட்கக் கூடாதாம், கேட்டால் ஒன்றுமில்லை என்பானாம். பக்கத்திலேயே இருந்து, பிரியமாக நடந்து, தானாக வரும்வரை கொஞ்ச வேண்டுமாம்.

நாற்பத்தைந்து வயது ஆம்பிளையை நான் கொஞ்ச வேண்டும். விளங்கினாற்போலத்தான்.

பிலோமியிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று போன் போட்டேன். "எனக்கு அந்தத் தாம்போ கல்யாணம் ஆனதுலேருந்து இருக்கு. நீரு ஒருநாளாவது கண்டீரா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். இவளிடம் சொன்னது என் தப்பு.

மார்ச் 11, செவ்வாய்

கொஞ்சினேன். அவன் ஊர்ப் புளிச்சாற்றை நானே வைத்தேன். அவர்களுடைய பாக்கெட் பொடியில் இல்லை, ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த என் சொந்தப் புளியில். முதல் கிண்ணம் ஆர்னெலுக்கு. இரண்டு கரண்டி குடித்துவிட்டு, தவக்காலம் மேயர் என்று வைத்துவிட்டான். மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் அவன் வினிகர் மீனைப் புகழ்ந்தேன். நெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டான். அளவு கூடிவிட்டது போல.

ஆர்னெல் அடிக்கடி ஐஸ் ரூமுக்குப் போய் நின்றுகொள்கிறான். கோழி எடுக்கப் போனவன் கோழி இல்லாமல் வருகிறான். மனசைக் குளிர வைக்கிறானோ என்னமோ, அதற்கும் அவர்களிடம் ஒரு பேர் இருக்கும். ஐஸ் ரூமிலிருந்து வருகிறவனுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. எனக்கு அலுத்துவிட்டது. இந்த அம்மாக்களின் வீடியோவும் வேண்டாம், இந்தத் தாம்போவும் வேண்டாம். ஒருத்தன் என் மேல் கோபம் என்றால் என் சட்டையைப் பிடிக்கட்டும், முடிந்துபோகும்.

மார்ச் 12, புதன்

மாட்டிறைச்சி எடுக்க ஐஸ் ரூமுக்குள் போனேன். ஆர்னெல் கோழிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு, இடது கையை உறைந்த மீன் மூட்டை மேல் நீட்டி வைத்திருந்தான். கை அல்ல அது. மணிக்கட்டு எங்கே முடிகிறது, விரல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. புண்ணிலிருந்து சிவப்புக் கோடு ஒன்று முழங்கையைத் தாண்டி மேலே ஏறியிருந்தது.

எண்ணெய் பட்ட இடம்.

என்னைக் கண்டதும் எழுந்து, சட்டைக் கையை இறக்கி, சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அப்போதுதான் பேசினான்.

"சீனா போறவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க மேயர். பாத்தா இறக்கி விட்ருவாங்க. பயணம் பாதியில நின்னா மறுபடியும் பழைய கதைதான். எனக்கு வயசாயிட்டு."

"ஏலே, கையே போயிரும்."

"கொஞ்சம் கொஞ்சமா வத்துது மேயர். நேத்தைக்கு இத விடப் பெருசு."

பொய் சொல்லும்போதும் அவன் முகம் அவ்வளவு பணிவாக இருக்கிறது. நான் தலையை ஆட்டினேன். ஆமாமா இல்லையா என்று அவன் கேட்கவில்லை.

ஆக, தவக்காலமும் இல்லை, தாம்போவும் இல்லை. அல்லது இரண்டும் இருந்து, அவற்றுக்கடியில் இதுவும் இருந்திருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும். நான்தான் புளிச்சாறு வைத்துக்கொண்டிருந்தேனே.

மார்ச் 13, வியாழன்

யாருக்கும் கேட்காமல் செகண்ட் ஆபீசரிடம் போய்ச் சொன்னேன். கப்பலில் மருந்துப் பெட்டி அவர் பொறுப்பு. ஆர்னெலை அழைத்தார். அதற்குள் ஆர்னெல் குளித்து, தலைசீவி, வெள்ளை வெளேரென்று கட்டுப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். சின்னச் சூடு சார், ஆறிக்கொண்டிருக்கிறது, கட்டைப் பிரிக்க வேண்டாம் சார் என்று சிரித்திருக்கிறான். தம்பி ஒரு களிம்பும் நாலு மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டார். வற்புறுத்தினால் அவமானப்படுவார் மேயர், வீடியோ பார்த்தோமே என்கிறார் என்னிடம்.

நெஸ்டரிடமும் சொன்னேன். அவன் முகம் வெளுத்தது. ஆனாலும், அவனே வந்து சொல்லட்டும் மேயர், நாம் பிடுங்கிக் காட்டினால் அப்புறம் அவன் யார் முகத்தையும் பார்க்க மாட்டான் என்றான்.

எல்லாரும் அவன் மானத்தை இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் அவன் கையை யார் பார்ப்பது. போய்க் கையைக் காட்டு என்று ஆர்னெலிடமே இரண்டு தடவை சொல்லியாயிற்று, இரண்டு தடவையும் சரி மேயர். பருப்பு தீய்ந்துவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

மத்தியானம், மெஸ் நிறைய ஆட்கள், கேப்டனும் இருந்தார். ஆர்னெல் சூப் கொண்டுவந்தான். கிண்ணம் தட்டில் கடகடவென்று ஆடியது. குளிரில் நடுங்குகிறவன் மாதிரி பற்கள் அடித்துக்கொண்டன. நான் குசினியிலிருந்து வெளியே போய் அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, கையுறையை உருவி, மீன் வெட்டும் கத்திரிக்கோலால் கட்டை அறுத்தேன். நாற்றம் மேஜைவரை போயிற்று.

நீலக் கோட்டு அம்மா என்னென்ன கூடாது என்றாளோ அத்தனையும் ஒரே மூச்சில் செய்தேன். கத்தினேன். அவனைத் திட்டினேன், செகண்ட் ஆபீசரைத் திட்டினேன், நெஸ்டரைத் திட்டினேன். இந்த எண்ணெய் எப்படிக் கொட்டியது என்பதையும் சொன்னேன். வேறு சிலதும் வாயில் வந்தது, அதெல்லாம் இங்கே எதற்கு.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆர்னெலும்தான். அந்த முகம் சிரிப்பில்லாமல் எப்படி இருக்கும் என்று இன்றுதான் பார்த்தேன்.

கேப்டன் எழுந்து போய்க் கரையிலிருக்கிற டாக்டரைப் போனில் பிடித்தார். ஊசி போட்டார்கள். கேப் டவுனுக்குக் கப்பலை விரட்டுகிறார்கள். என்ஜின் சத்தம் மாறியிருக்கிறது. ராத்திரிச் சமையலை ஒற்றை ஆளாக முடித்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

கேப் டவுனுக்கு வெளியே படகு வந்தது. ஆர்னெலை ஸ்ட்ரெச்சரில் கட்டி இறக்கினார்கள். அவன் சொக்காய்களை மடித்துப் பெட்டியில் வைத்தது நான்தான். நெஸ்டரைப் பார்த்தான், செகண்ட் ஆபீசருக்குக் கை காட்டினான். என் பக்கம் திரும்பவில்லை. படகுக்காரன் என்னிடம் அவன் பேரைக் கேட்டான். சொன்னேன்.

கேப்டன் அறைக்குக் கூப்பிட்டார். மெஸ்ஸில் சொன்னதை மறுபடி சொல்லுங்கள் என்றார். எண்ணெய் என்னால் கொட்டியது, அவன் அன்றைக்கே சொல்லப் போனான், எனக்குக் கெட்ட பேர் வரும் என்று நான்தான் தடுத்து மறைக்கச் சொன்னேன் என்றேன். முதல் பாதி நிஜம். இரண்டாவது பாதியை அவர் நம்பினாரா என்று தெரியாது. கிரேக்கர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை: "இத எழுதினா கம்பெனி உங்களை மறுபடி கூப்பிடாது, தெரியுமா."

தெரியும் என்றேன். எழுதினார்.

பிலோமிக்கு இதைப் பற்றிப் போனில் சொல்லவில்லை. இந்த நோட்டைப் படிக்கும்போது அவளாகத் தெரிந்துகொள்ளட்டும், அதற்குள் நான் வீட்டில் இருப்பேன், ஓட வழி இருக்கும்.

மார்ச் 17, திங்கள்

நெஸ்டர் வந்து பாத்திரம் தேய்த்தான். நான் கேட்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

இந்தியப் பெருங்கடல், வெக்கை. கருவாட்டுப் பெட்டியில் எறும்பு ஏறிவிட்டது. நடுக்கடலில் எறும்பு எங்கிருந்து வருகிறது என்று எந்த வீடியோவிலும் சொல்ல மாட்டார்கள்.

சாயங்காலம் சோறு வடிக்கிற நேரத்தில் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. ஆர்னெல். கை பிழைத்துவிட்டது. இரண்டு தடவை அறுத்திருக்கிறார்கள், சுண்டுவிரலும் பக்கத்து விரலும் இன்னும் மடங்கவில்லை. ஜூனில் உடல் பரிசோதனை, அதில் தேறினால் சீஃப் குக்காகவே அனுப்புவதாகக் கம்பெனி சொல்லியிருக்கிறது. இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

மிச்ச நேரம் முழுக்கத் திட்டினான்.

எல்லார் முன்னாலும் என்னைக் கழுத்தைப் பிடித்து இழுத்த மாதிரி இழுத்தீர்கள், என் அப்பாகூட அப்படிச் செய்ததில்லை என்றான். நான் மறைத்ததற்கு நீங்கள் எதற்குப் பொய் சொன்னீர்கள், அந்தக் கடனை நான் எங்கே கொண்டுபோய் அடைக்க என்றான். உங்கள் ஜோக்கில் பாதி ஜோக்கே இல்லை என்றான். மிளகாய் வறுக்கும்போது காற்றாடி போடுவதில்லை, என் கத்தியை எடுத்தால் எடுத்த இடத்தில் வைப்பதில்லை, காலையில் விசிலடிக்கிறீர்கள், கப்பலில் விசிலடிப்பவனைப் பிடித்துக் கடலில் போட வேண்டும் என்றான். இத்தனையும் ராகம் போட்ட மாதிரி. இலோயிலோக்காரர்கள் சண்டை போட்டாலும் அப்படித்தான் இருக்குமாம். மொழி தெரியாதவன் கேட்டால் பிள்ளையைத் தூங்க வைக்கிறான் என்று நினைப்பான்.

நெஸ்டர் குசினி வாசலில் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். ஆர்னெல் என்ன சொன்னான் மேயர் என்றான். செய்தியை அப்படியே சத்தமாகப் போட்டுக் காட்டினால் மெஸ்ஸே விழுந்து விழுந்து சிரிக்கும். ஒரு வாரத்துக்குத் தாங்கும். விரல் போனில்தான் இருந்தது.

கை பிழைத்தது என்றேன். ஜூனைப் பற்றிச் சொன்னேன். எல்லாரையும் விசாரித்தான் என்றேன். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அவர்கள் போனதும் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து முதலிலிருந்து மறுபடியும் கேட்டேன். விசில் விஷயத்தில் அவன் சொன்னதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. நான் அடிப்பது மாதா பாட்டு. அதற்கு ஒரு பதில் பேசி அனுப்ப வேண்டும், மற்றதற்கும் ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் சோறு அடிப்பிடித்துவிட்டது. நல்ல கருகல், குசினியெல்லாம் புகை. வேறு அரிசி போட நேரமில்லை, அதையே பரிமாறினேன்.

ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. சிரித்த முகமாகச் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்து, நன்றி மேயர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒருத்தனாவது திட்டியிருக்கலாம்.